டால்டன் ட்ரம்போ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாலிவுட் திரைக்கதையாளர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ட்ரம்போவின் பெயர் வராமல் போகாது. பெயர் வந்ததும் அதே சந்தேகங்களும் கூடவே வரும். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. ட்ரம்போ யாருங்க? டைரக்டரா, ரைட்டரா?

ரைட்டர். 1905 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மாண்ட்ரோஸில் பிறந்தார். 1976 செப்டம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். இயக்கியது ஒரே ஒரு படம், 1971-ல், தன் சொந்த நாவலை. மற்றபடி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால்தான் கழிந்தன. 'ரோமன் ஹாலிடே', 'ஸ்பார்டகஸ்', 'எக்ஸோடஸ்', 'பாப்பியான்' எல்லாம் அவர் எழுதியவை. 'ரோமன் ஹாலிடே' வெளியானபோது மட்டும் டைட்டிலில் அவர் பெயர் இல்லை. அது ஏன் என்பதற்குத்தான் கீழே உள்ள பெரும்பாலான பதில்கள்.

2. எடுத்த எடுப்பிலேயே சினிமாவுக்கு வந்துட்டாரா?

இல்லை. செருப்புக் கடையில் வேலை பார்த்த அப்பா வேலை இழந்ததால் குடும்பம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. 1926-ல் அப்பா இறந்தார். வீட்டைத் தாங்க வேண்டிய இருபது வயது மகன் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போனார். அந்த வேலை எட்டு ஆண்டுகள் நீண்டது. அந்த ஆண்டுகளில் அவர் எழுதி அனுப்பிய கதைகளும் நாவல்களும் திரும்பி வந்துகொண்டே இருந்தன.

1934-ல் வார்னர் பிரதர்ஸ் கதைப் பிரிவில் 'ரீடர்' ஆனார். ஸ்டுடியோவுக்கு வரும் நாவல், நாடகம், கதைகளைப் படித்து, சுருக்கம் எழுதி, படமாகுமா என்று சொல்வது அந்த வேலை. திரைக்கதையாளர்கள் பலர் தொழில் பழகியது இந்த நாற்காலியில்தான். நூற்றுக்கணக்கான கதைகளைச் சுருக்கி எழுதினால், எது கதையைத் தாங்குகிறது, எது வெறும் சதை என்று கைக்குப் பிடிபடும். அடுத்த ஆண்டே எழுத்தாளர் ஒப்பந்தம் கிடைத்தது. 1940-ல் வந்த 'கிட்டி ஃபாய்ல்' ஆஸ்கர் பரிந்துரை பெற்றுத் தந்தது. 1940-களின் நடுவில் எம்ஜிஎம் நிறுவனத்துடனான ஒப்பந்தப்படி அவர் கூலி வாரத்துக்கு 3,000 டாலர், அல்லது ஒரு திரைக்கதைக்கு 75,000 டாலர். ஹாலிவுட்டின் மிக உயர்ந்த எழுத்துச் சம்பளங்களில் ஒன்று அது. இந்தத் தொகையை நினைவில் வையுங்கள். 9-ஆம் பதிலில் தேவைப்படும்.

3. நம்ம ஊர் டைட்டில்ல கதை, திரைக்கதை, வசனம்னு தனித்தனியா வரும். அங்க எப்படி?

அங்கே வசனம் திரைக்கதைக்குள் அடங்கும். 'கதை' என்ற பெயர் தனியாக வரலாம். ஒருவர் சில பத்துப் பக்கங்களில் கதையை எழுதி ஸ்டுடியோவுக்கு விற்பார். இன்னொருவரோ நான்கு பேரோ அதைக் காட்சிகளாகவும் வசனமாகவும் மாற்றுவார்கள். அதனால் ஆஸ்கரிலும் சிறந்த கதைக்குத் தனி விருது இருந்தது. 1956-ஆம் ஆண்டுப் படங்களோடு அந்தப் பிரிவை நிறுத்திவிட்டார்கள்.

ஒரே திரைக்கதையில் பலர் கைவைத்திருந்தால் யார் பெயர் வரும்? முதலில் தயாரிப்பாளர் வைத்ததே சட்டமாக இருந்தது. எழுத்தாளர் சங்கம் போராடி அந்த அதிகாரத்தை 1940-களின் தொடக்கத்தில் தன் கைக்குக் கொண்டுவந்தது. தகராறு என்றால் சக எழுத்தாளர்கள் எல்லா வரைவுகளையும் படித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். எழுத்தாளருக்கு டைட்டில் கார்டு வெறும் மரியாதை மட்டுமல்ல. அடுத்த படத்தின் சம்பளத்தை அதுதான் முடிவு செய்யும். பெயரைப் பறிப்பது ஏன் அவ்வளவு பெரிய தண்டனை என்பது இதிலிருந்து புரியும்.

4. 1947-ல என்னதான் நடந்தது?

அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில், 'அமெரிக்க விரோதச் செயல்களை' விசாரிக்க ஒரு குழு இருந்தது. தலைவர் பார்னெல் தாமஸ். ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகள் ஊடுருவியிருக்கிறார்கள் என்று சொல்லி அந்தக் குழு அக்டோபரில் வாஷிங்டனில் விசாரணை நடத்தியது. முதலில் குழுவுக்கு ஆதரவான சாட்சிகள் பேசினார்கள். அவர்களில் ஒருவர் சாம் வுட். ட்ரம்போவுக்கு ஆஸ்கர் பரிந்துரை தேடித் தந்த 'கிட்டி ஃபாய்ல்' படத்தின் இயக்குநர் அவரே.

எதிர்த் தரப்பில் 19 பேருக்கு அழைப்பாணை போனது; 11 பேரைக் கூண்டில் ஏற்றினார்கள். ஜெர்மன் நாடக ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் பதில் சொல்லிவிட்டு உடனே ஐரோப்பாவுக்குத் திரும்பிவிட்டார். மீதிப் பத்துப் பேர்தான் 'ஹாலிவுட் டென்'. ட்ரம்போவின் முறை அக்டோபர் 28 அன்று வந்தது. தான் எழுதிய திரைக்கதைகளைக் கட்டாகக் கொண்டுவந்து, இவற்றில் குற்றம் எங்கே என்று காட்டுங்கள் என்றார். அறிக்கை வாசிக்க அனுமதி கேட்டார். இரண்டுக்கும் இடம் தரவில்லை. எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினரா, கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினரா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆம், இல்லை என்று அவர் சொல்லவில்லை. கூண்டிலிருந்து இறக்கினார்கள்.

5. நேராச் சொல்லுங்க, அவர் கம்யூனிஸ்ட்டா இல்லையா?

ஆம். 1943-ல் கட்சியில் சேர்ந்தார். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே அணியில் நின்று போரிட்ட ஆண்டு அது. கட்சி உறுப்பினராக இருப்பது அப்போது குற்றமும் இல்லை. அவர் மீது கட்சிக்காகவோ உளவுக்காகவோ எந்த வழக்கும் போடவில்லை. வழக்கு, பதில் சொல்ல மறுத்ததற்கு மட்டும். 'பொய்யாகக் கம்யூனிஸ்ட் முத்திரை குத்தப்பட்ட அப்பாவி' என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் அவருக்கு நல்லது செய்வதில்லை. அவர் தன் நிலையை மறைத்து நின்றவர் அல்ல. அந்தக் கேள்வியைக் கேட்க அரசுக்கு உரிமை இல்லை என்று சொல்லி நின்றவர்.

6. பதில் சொல்லாததுக்கா ஜெயில்? அஞ்சாவது திருத்தம்னு ஒண்ணு இருக்கே, அதைச் சொல்லித் தப்பிச்சிருக்கலாமே?

சிறையிலிருந்து தப்பித்திருக்கலாம். அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தம் தருவது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமை. ஆனால் அதைச் சொன்னால், சொல்லக்கூடாத குற்றம் ஒன்று இருப்பதாக ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று பத்துப் பேரும் கருதினார்கள். அதனால் பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் காக்கும் முதல் திருத்தத்தின் மேல் நின்றார்கள். உச்ச நீதிமன்றத்தில் தங்களுக்குப் பெரும்பான்மை கிடைக்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

கணக்கு பொய்த்தது. அவர்கள் நம்பியிருந்த நீதிபதிகளில் ஃபிராங்க் மர்ஃபி, வைலி ரட்லெஜ் இருவரும் 1949 கோடையில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். 1950 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்கவே மறுத்தது. ட்ரம்போவுக்கு நாடாளுமன்ற அவமதிப்புக்காக ஓராண்டுச் சிறை, 1,000 டாலர் அபராதம். 1950 ஜூனில் உள்ளே போனவர் பத்து மாதம் கழித்து வெளியே வந்தார்.

1951-க்குப் பிறகு அழைக்கப்பட்டவர்கள் ஐந்தாவது திருத்தத்தையே சொன்னார்கள். சிறை இல்லை, வேலையும் இல்லை. ஆகவே 'தப்பித்திருக்கலாம்' என்பது பாதிதான் உண்மை.

7. அவரை விசாரிச்ச கமிட்டித் தலைவரும் அதே ஜெயிலுக்கு வந்தாராமே?

தாமஸ் சிறைக்குப் போனது உண்மை. வேலையே செய்யாதவர்கள் பெயரில் அலுவலகச் சம்பளம் எடுத்த மோசடி வழக்கு அது. ஆனால் அவர் இருந்தது கனெக்டிகட் மாநிலத்து டான்பரி சிறையில். அங்கே அவரோடு இருந்தவர்கள் ஹாலிவுட் டென்னில் வேறு இருவர், ரிங் லார்ட்னர் ஜூனியரும் லெஸ்டர் கோலும். ட்ரம்போ இருந்தது கென்டக்கியின் ஆஷ்லாண்டில்.

8. கறுப்புப் பட்டியலை அரசாங்கம்தானே போட்டது?

போட்டவை ஸ்டுடியோக்கள். 1947 நவம்பர் இறுதியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் ஸ்டுடியோ முதலாளிகள் கூடினார்கள். பத்துப் பேரையும் வேலையை விட்டு நீக்குவது, தெரிந்தே எந்தக் கம்யூனிஸ்டையும் வேலைக்கு வைப்பதில்லை என்று முடிவெடுத்து அறிவித்தார்கள். பிறகு பட்டியல் தானாக வளர்ந்தது. தனியார் வெளியீடுகள் பெயர்களை அச்சிட்டன. 1950-ல் வந்த 'ரெட் சேனல்ஸ்' என்ற ஒன்றில் மட்டும் 151 பேர். ஒரே தாளில் எழுதிய ஒரே பட்டியல் என்று எதுவும் இருந்ததில்லை. பெயர் இருக்கிறதா என்று கேட்டால் 'அப்படியெல்லாம் பட்டியல் இல்லை' என்றுதான் பதில் வரும். அதனால் எதிர்த்து வழக்குப் போடுவதும் கடினமாக இருந்தது.

ட்ரம்போ ரசிகர்கள் அதிகம் பேசாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 3-ஆம் பதிலில் பார்த்த அதே எழுத்தாளர் சங்கம், 1953-ல், குழுவின் முன் தன்னைத் தெளிவுபடுத்தாத எழுத்தாளரின் பெயரை டைட்டிலிலிருந்து எடுக்கத் தயாரிப்பாளருக்கு அனுமதி கொடுத்தது. போராடிப் பெற்ற உரிமையை அங்கே தன் கையாலேயே விட்டுக்கொடுத்தது.

9. பினாமி பேர்ல எழுதறதுன்னா நடைமுறையில எப்படி? தயாரிப்பாளருக்குத் தெரியாதா?

மூன்று வகை. முதலாவது, உண்மையான எழுத்தாளர் ஒருவர் தன் பெயரைக் கடன் கொடுப்பது. அவரே ஸ்டுடியோவுக்குப் போய், கூட்டங்களில் உட்கார்ந்து, காசோலையை வாங்கி, பணத்தை எழுதியவரிடம் சேர்ப்பார். இரண்டாவது, இல்லாத ஓர் ஆளின் பெயரை இடுவது. 'ஸ்பார்டகஸ்' காலத்தில் ட்ரம்போ 'சாம் ஜாக்சன்'. மூன்றாவது, எழுத்துக்குச் சம்பந்தமில்லாத உண்மையான ஆளின் பெயர். அதை 11-ஆம் பதிலில் பாருங்கள். முதல் வகையில் ஸ்டுடியோவுக்கு உண்மை தெரியாமலே போகலாம். மற்ற இரண்டிலும் தயாரிப்பாளருக்கு நன்றாகத் தெரியும்; தெரிந்ததால்தான் விலையைக் குறைத்தார்.

எவ்வளவு குறைத்தார்கள்? ஒரு திரைக்கதைக்கு 75,000 டாலர் வாங்கியவர், தயாரிப்பாளர்களான கிங் சகோதரர்களுக்காக எழுதிய 'கன் கிரேசி' படத்துக்குப் பெற்றது 3,750 டாலர். டைட்டிலில் வந்தது மில்லர்ட் காஃப்மன் பெயர். சிறையிலிருந்து வந்ததும் 1951-ல் குடும்பத்தோடு மெக்சிகோவுக்குப் போனார். செலவு குறையும் என்ற நம்பிக்கை பலிக்கவில்லை. வாங்குபவர்கள் எல்லாம் லாஸ் ஏஞ்சலஸில் இருக்க, தூரத்திலிருந்து பினாமி வியாபாரம் நடத்த முடியவில்லை. 1954-ல் திரும்பினார். பிறகு வேகம்தான் அவர் மூலதனம். ஒரு படத்துக்கு வரும் காசு குறைவு என்றால் படங்களின் எண்ணிக்கை கூடவேண்டும். இரவில் எழுதினார். பெரும்பாலும் குளியல் தொட்டியில், குறுக்கே பலகை வைத்து, தட்டச்சுத் தாள்களைக் கத்தரித்து ஒட்டி வரிசை மாற்றிக்கொண்டே எழுதினார்.

இந்த ஏற்பாடு எங்கே உடையும்? இயக்குநர் கூட்டத்தின் நடுவே 'இந்தக் காட்சியை இப்போதே மாற்று' என்றால் பினாமி திணறுவார். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாததால் பேசிய பணம் வராவிட்டால் கேட்க வழியில்லை. பெயர் கொடுத்தவரையே பிறகு பட்டியலில் சேர்த்துவிட்டால் அந்தக் கதவும் மூடும். எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து, படம் நன்றாக அமைந்து பரிசு வாங்குவது.

சின்ன விஷயம் ஒன்று: 1951-ல் வந்த 'தி ப்ரௌலர்' படத்தில் வானொலி அறிவிப்பாளரின் குரலைக் கவனித்துக் கேளுங்கள். பேசுவது ட்ரம்போ. பெயரைத்தான் எடுத்தார்கள், குரல் அப்படியே படத்தில் இருக்கிறது.

10. 'ரோமன் ஹாலிடே' யார் எழுதினது? ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு பேர் இருக்கு.

நீங்கள் பார்ப்பது எந்த ஆண்டுப் பிரதி என்பதைப் பொறுத்தது. கதையும் முதல் திரைக்கதையும் ட்ரம்போவுடையவை. பெயர் கொடுத்தவர் நண்பர் இயன் மெக்லெலன் ஹன்டர். அவரும் திரைக்கதையில் வேலை செய்தார். பிறகு ஜான் டைட்டன் சேர்ந்தார். 1953-ல் படம் வந்தபோது கதை: ஹன்டர், திரைக்கதை: ஹன்டர், டைட்டன். 1954 ஆஸ்கர் விழாவில் சிறந்த கதைக்கான விருதும் ஹன்டர் பெயருக்கே போனது.

1993-ல், ஆஸ்கர் வழங்கும் அகாடமி அந்த விருதை ட்ரம்போவின் மனைவி கிளியோவிடம் வழங்கியது. ட்ரம்போ இறந்து அப்போது 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. கதைக்கு மட்டும்தான் இந்தத் திருத்தம். திரைக்கதைக்கான பெயர் 2011 டிசம்பரில்தான் எழுத்தாளர் சங்கத்தால் திரும்பியது. இப்போதைய சரியான வரி: கதை, டால்டன் ட்ரம்போ, திரைக்கதை, டால்டன் ட்ரம்போ, இயன் மெக்லெலன் ஹன்டர், ஜான் டைட்டன். இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளும், கிறிஸ்டோபர் ட்ரம்போவும் டிம் ஹன்டரும், இதற்காகச் சேர்ந்தே முயன்றார்கள். ஹன்டர் திருடினார் என்று எழுதுவது பெரிய அநியாயம். ஆபத்தான நேரத்தில் நண்பனுக்குச் சோறு போகும் வழியைத் திறந்துவைத்தவர் அவர். பிறகு அவரும் பட்டியலில் விழுந்தார்.

11. ராபர்ட் ரிச்னு ஒருத்தர் நெஜமாவே இருந்தாரா?

இருந்தார், எழுத்தாளராக அல்ல. கிங் சகோதரர்களின் உறவுக்காரர், மருமகன் முறை. மெக்சிகோவில் காளைச் சண்டை பார்த்த அனுபவத்திலிருந்து ட்ரம்போ எழுதிய 'தி பிரேவ் ஒன்' படத்துக்கு அந்தப் பெயரைப் போட்டார்கள். 1957 மார்ச் 27 அன்று அதற்குச் சிறந்த கதைக்கான ஆஸ்கர் அறிவிக்கப்பட்டது. மேடைக்கு யாரும் வரவில்லை. சங்கத்தின் சார்பில் ஜெஸி லாஸ்கி ஜூனியர் போய், ரிச்சின் மனைவிக்குப் பிரசவ நேரம் என்று சொல்லி வாங்கிக்கொண்டார். மறுநாள் சங்கப் பதிவேட்டைப் புரட்டினால் அப்படி ஓர் உறுப்பினரே இல்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான், விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்தவர்கள் பரிசுக்குத் தகுதியற்றவர்கள் என்று அகாடமி விதி போட்டிருந்தது. அந்த விதியைத் தடைப்பட்டியல் எழுத்தாளர் ஒருவரே, அவர் யார் என்று தெரியாமலே, உடைத்துவிட்டார். ட்ரம்போ இந்த வாய்ப்பை அழகாகப் பயன்படுத்தினார். ரிச் நீங்கள்தானா என்று கேட்ட நிருபர்களுக்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேறு எந்தப் படத்தைக் கேட்டாலும் அதே பதில். விளைவு, ஊரில் ஓடும் நல்ல படத்தையெல்லாம் பட்டியல் எழுத்தாளர்தான் எழுதியிருப்பார் என்ற பேச்சு பரவியது. 1959 ஜனவரியில் அகாடமி விதியை விலக்கிக்கொண்டது. அதே மாதம் ட்ரம்போ தான்தான் ரிச் என்று அறிவித்தார். சிலை அவர் கைக்கு வந்தது 1975-ல்.

12. கிர்க் டக்ளஸ்தானே தடையை உடைச்சார்?

நடிகர் டக்ளஸுக்குப் பங்கு உண்டு. தனி ஆளாக உடைத்தார் என்பதுதான் பொருந்தாது. 1960 ஜனவரி 20 அன்று இயக்குநர் ஓட்டோ பிரெமிங்கர், 'எக்ஸோடஸ்' படத்தை எழுதுவது ட்ரம்போ என்று நியூயார்க் டைம்ஸில் பகிரங்கமாக அறிவித்தார். பெரிய படத்தின் தயாரிப்பாளர் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. ஆனால் 'எக்ஸோடஸ்' திரைக்கு வந்தது டிசம்பரில். டக்ளஸ் தயாரித்த 'ஸ்பார்டகஸ்' அக்டோபரிலேயே வந்துவிட்டது. அறிவிப்பில் முந்தியவர் பிரெமிங்கர்; திரையில் முந்தியது 'ஸ்பார்டகஸ்'. டக்ளஸ் பின்னாளில் எழுதிய நூலில் தன் முடிவே முதன்மையானது என்கிறார். ட்ரம்போ குடும்பத்தினர் அதை ஏற்கவில்லை.

எங்கள் கருத்து: 11-ஆம் பதிலில் சொன்ன மூன்று ஆண்டுப் பிரசாரம் இல்லாவிட்டால் இருவருக்குமே அந்தத் துணிச்சல் வந்திருக்காது. பெரும்பாலான வேலையை முடித்தவர் ட்ரம்போதான். மேலும், 1960-ல் அவர் பெயர் வந்ததால் எல்லோர் பெயரும் வந்துவிடவில்லை. பலருக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின, சிலருக்கு வரவேயில்லை.

13. ட்ரம்போவுக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. அவர் நண்பர் மைக்கேல் வில்சனின் கதை இன்னும் கொடுமை. 1956-ல் அவர் எழுதிய 'ஃப்ரெண்ட்லி பர்சுவேஷன்' திரைக்கதையாளர் பெயரே இல்லாமல் வெளியானது. அதற்குப் பரிசு போவதைத் தடுக்கத்தான் அகாடமி 11-ஆம் பதிலில் சொன்ன விதியைப் போட்டது. அடுத்து அவரும் கார்ல் ஃபோர்மனும் எழுதிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் ஆஸ்கர், நாவலாசிரியர் பியர் பூலுக்குப் போனது. பிரெஞ்சில் எழுதிய பூல் அந்தத் திரைக்கதையில் ஒரு வரிகூட எழுதவில்லை. வில்சன் 1978-ல் இறந்தார்; 1980-களில்தான் அந்த விருது இருவர் பெயருக்கும் மாறியது.

இந்தப் படம் எடுக்கப்பட்டது இலங்கையில், கித்துல்கலவில், களனி ஆற்றங்கரையில். படம் சொல்லும் சயாம் ரயில் பாதையில் மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டு மாண்டவர்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பெருந்தொகை. அவர்கள் படத்திலும் இல்லை. நம்மவர்கள் இந்தப் படத்தைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

14. பழைய படம் பார்க்கிறப்ப டைட்டில்ல இருக்கிற பேரை நம்பலாமா? எப்படிச் சரிபார்க்கிறது?

1947-க்கும் 1960-களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட படம் என்றால் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. முதலில், திரைக்கதையாளர் பெயர் இல்லாமல் நாவலாசிரியர் பெயர் மட்டும் இருக்கிறதா பாருங்கள். அடுத்து, பெயர் இருந்தால் அந்த ஆள் அதற்கு முன்னும் பின்னும் ஏதாவது எழுதியிருக்கிறாரா பாருங்கள். ஒரே நல்ல படத்தோடு மறைந்துபோன எழுத்தாளர் என்றால் சந்தேகப்பட இடமுண்டு. மூன்றாவதாக, எழுத்தாளர் சங்கம் திருத்திய பெயர்களோடு ஒப்பிடுங்கள். பழைய பிரதியிலும் தொலைக்காட்சி ஒளிபரப்பிலும் பழைய டைட்டிலே ஓடிக்கொண்டிருக்கும். புதிய மறுபதிப்புகளில்தான் மாற்றம் வரும்.

சங்கத்துக்கே இது எளிதாக இல்லை. வரைவுகள், கடிதங்கள், பணம் கைமாறிய குறிப்புகள், உயிரோடு இருந்தவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றை வைத்துத்தான் தீர்ப்பு. தடயம் இருக்கக்கூடாது என்று எழுதியவரே கவனமாக அழித்த தடயங்கள் அவை. பினாமியும் பாதி எழுதியிருந்தால் யார் எந்தக் காட்சி என்று பிரிக்க முடியாது. ட்ரம்போவின் 'ஆமும் இல்லை, இல்லையும் இல்லை' தந்திரம் அன்று உதவியது; இன்று ஆய்வாளர்களுக்கு அதுவே தலைவலி, அவர் எழுதாத படங்களும் அவர் கணக்கில் ஏறியிருக்கின்றன. ஆகவே, 'ட்ரம்போ ரகசியமாக எழுதியது' என்று சொல்லப்படும் எதையும் சங்கத்தின் திருத்தம் இல்லாமல் உறுதி என்று எழுதாதீர்கள்.

15. காட்டிக்கொடுத்தவங்களை அவர் மன்னிச்சுட்டாரா?

1970-ல் எழுத்தாளர் சங்கத்தின் உயரிய விருதான லாரல் விருதைப் பெற்றபோது பேசிய உரையால் எழும் கேள்வி இது. அந்தக் காலத்தில் வில்லன்களையோ வீரர்களையோ தேட வேண்டாம், எல்லோரும் பாதிக்கப்பட்டவர்களே என்ற பொருளில் அவர் பேசினார். பத்துப் பேரில் ஒருவரான ஆல்பர்ட் மால்ட்ஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். விசாரணைக் குழுவிடம் மற்றவர்களின் பெயர்களைச் சொல்லி வேலை வாங்கியவரும், சொல்ல மறுத்து வேலை இழந்தவரும் எப்படி ஒன்றாவார்கள் என்பது அவர் வாதம். இருவரும் நீண்ட கடிதங்களில் மோதினார்கள், சமாதானம் ஆகவில்லை.

உரையை முழுதாகப் படித்தால் அது மன்னிப்பு மாதிரி தெரியவில்லை. அது பட்டியலின் நிழலில் வளராத இளைய எழுத்தாளர்களை நோக்கிய பேச்சு. ஆனாலும் மால்ட்ஸின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வேலை திரும்பக் கிடைத்து வென்றவர் பெருந்தன்மையாகப் பேசலாம். கிடைக்காதவர்கள் அந்த அரங்கில் இல்லை.

16. எந்தப் படத்துல ஆரம்பிக்கலாம்?

'ரோமன் ஹாலிடே' பாருங்கள். உடனே 'கன் கிரேசி'. ஒரே கை எழுதியதா என்று வியப்பு வரும். இரண்டிலும் தங்களுக்கு விதித்த இடத்தைவிட்டு ஓடும் ஓர் ஆணும் பெண்ணும் என்று கவனித்தால் வியப்பு குறையும். பிறகு 1962-ல் வந்த 'லோன்லி ஆர் தி பிரேவ்'. கிர்க் டக்ளஸ் நடித்தது, முழுக்கத் தன் பெயரிலேயே எழுதியது. 'ஸ்பார்டகஸ்' மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். 'ஜானி காட் ஹிஸ் கன்' கடைசியில். போரில் கை, கால், முகம் எல்லாம் இழந்த சிப்பாயின் மனதுக்குள்ளேயே நடக்கும் கதை. 1939-ல் நாவலாக வந்ததை 32 ஆண்டுகள் கழித்துத் தானே இயக்கினார். முதலிலேயே பார்த்தால் அடுத்த படத்துக்குப் போக மனம் வராது.